மருந்து முடிஞ்சுதா?

நகக்கண்ணில் வெள்ளிப் பொடி மினுங்க வீடு திரும்பும் என் அப்பாவுக்கு,

மணி மூன்றே கால் ஆகிறது. ஃபோனை மேசைமேல் கண்ணுக்கு நேராக நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலரைக்கு அது அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கப் பயந்துதான் பேனாவை எடுத்தேன். அடுப்படியில் அம்மா கழுவிக் கவிழ்த்த தம்ளர்களை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு நம் கம்பெனியில் மருந்து கலந்திருக்கிறார்கள், அப்பா. நீங்கள் போய் ஒன்றே கால் வருஷத்துக்குப் பிறகு, முதல் தடவையாக.

இந்தக் கடிதத்தை உங்களோடு சேர்த்து வேறு சிலரும் படிப்பார்கள். மருந்து என்றதும் அவர்கள் காய்ச்சலையும் இருமலையும் நினைத்துக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்பில் எனக்கு வந்த டீச்சரைப் போல. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டார். "அப்பா மருந்து முடிச்சிட்டுத்தான் வருவாக டீச்சர்" என்றேன். உடம்புக்கு என்ன என்று பதறினார். "ஒண்ணுமில்ல டீச்சர், தினமும் மருந்துதான்" என்றேன். மறுநாள் என் பையில் இரண்டு ஆரஞ்சுப் பழம் வைத்து அனுப்பினார்.

நீங்கள் அதை உரித்துத் தின்றுகொண்டே சொன்னீர்கள்: "டீச்சரம்மா நல்லவுக. நாளைக்கும் சொல்லு தாயி. ஆப்பிள் குடுக்காகளான்னு பாப்போம்."

தாயில்பட்டிப் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குப் போடும் வெடிமருந்து. காலையில் கலந்தது சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். தீராததைத் தூரத்தில் இருக்கும் குழிக்குக் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். நேற்றைய மருந்தை இன்றைக்குத் தொடக்கூடாது. ஈரம் பட்ட மருந்து தானாகவே உள்ளுக்குள் சூடேறும், பார்த்தால் தெரியாது. எனக்கு வாய்ப்பாடு தெரிவதற்கு முன்பே இது தெரியும். நீங்கள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகமில்லை. தினமும் நாலரைக்கு வீட்டுக்கு ஃபோன் வரும். நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் சொல்வீர்கள். "மருந்து முடிஞ்சுது, கிளம்பிட்டேன்." அம்மா உடனே அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பாள். அந்த வாக்கியம் எங்கள் வீட்டின் கடிகாரம்.

அம்மா எப்படி இதற்குச் சம்மதித்தாள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல ஒரு பொம்மைப் படத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மதுரை வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். துண்டு துண்டாகக் காட்சிகளை அனுப்புவார்கள். வாய் அசைவுக்குப் பொருந்த எழுத வேண்டும். உதடு ஒட்டும் இடத்தில் ப, ம வர வேண்டும். வாய் பிளக்கும் இடத்தில் ஆ வர வேண்டும். அர்த்தம் அப்புறம்தான். நீங்கள் இருந்தால், "இதுவும் நம்ம வேலைதான் தாயி, அளவு தப்பினா போச்சு" என்பீர்கள்.

ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு படம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வெளிவரப்போகும் அனிமேஷன் படம். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எடுத்துவிட்ட பழைய கதை. பண்டிகைக்கு முந்தின நாள், ஊரே பனியில் குதூகலிக்கிறது; கருமியான ஒரு கிழவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரோடு கூட்டாகத் தொழில் செய்து இறந்துபோன சிநேகிதர், சங்கிலியை இழுத்துக்கொண்டு ஆவியாக வந்து நிற்கிறார். எச்சரிக்கிறார். அதற்குப் பிறகு இன்னும் மூன்று ஆவிகள் வந்து கிழவரை மாற்றுகின்றன.

கல்லூரியில் இந்தக் கதையைப் படித்தபோது அது ஒரு கஞ்சனைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை அந்த மூன்று ஆவிகளையும் ஒரே வாரத்தில் எழுதி முடித்துவிட்டேன். முதலில் வருகிற கூட்டாளியிடம்தான் மாட்டிக்கொண்டேன். இறந்தவர் உயிரோடிருக்கும் கூட்டாளியைத் தேடி வந்தால் என்ன பேசுவார்? அவரைப் பார்த்ததும் இவர் என்ன சொல்வார்?

தங்கராசு மாமா என்ன சொல்வார், அப்பா?

உங்கள் கூட்டாளியின் பெயரை இந்த வீட்டில் நாங்கள் வெகு நாளாக உச்சரிக்கவில்லை. உங்களைத் தூக்கிப்போன அன்று வாசல்வரை வந்தவர், அதோடு சரி. எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று கேள்விப்பட்டோம். அந்தச் சனிக்கிழமை மருந்து மிஞ்சியிருந்தது, அது எரிக்கப்படவில்லை, திங்கட்கிழமை காலை நீங்கள் தனியாகப் போய் அறையைத் திறந்தீர்கள், வெடித்துவிட்டது. எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். ஏன் எரிக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் மாமா ஒரே பதில் சொன்னார். "தெரியல."

அந்தப் பதிலை நான் வெறுத்தேன். வெறுப்பதற்கு எனக்கு யோக்யதை இருக்கிறதா என்பது வேறு கதை. அதற்கும் வருகிறேன்.

கூட்டாளி ஆவியாக வரும் அந்தக் காட்சியில் கிழவரின் வாய் அகலத் திறக்கிறது. ஒன்றரை விநாடி. ஆங்கிலத்தில் அவர் அலறுகிறார். நான் "வாங்க" என்று எழுதி அனுப்பினேன்.

டப்பிங் பார்த்துக்கொள்ளும் மேடம் சென்னையிலிருந்து கூப்பிட்டார். "என்னம்மா இது? செத்தவன் சங்கிலியோட வந்து நிக்கறான். இவன் வாங்கன்றான். அடுத்து என்ன, காபி குடுப்பானா?"

"வாய் அசைவு சரியா இருக்கு மேடம்."

"வாய் சரியா இருக்கு. மூளை எங்க போச்சு? உங்க ஊர்ல பேய் வந்தாலும் வாங்கன்னுதான் சொல்வீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் இறந்தவர்களுக்கு இலை போட்டு, விளக்கேற்றி, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று நாம் வெளியே வந்து நிற்போமே. அந்தக் கிழவர் யார் வந்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்துகிறார். நாம் அவர்கள் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டும் என்று சாத்துகிறோம். இதை ஃபோனில் எப்படி விளக்குவது? "மாத்தி எழுதுறேன் மேடம்" என்றேன். எட்டு விதமாக மாற்றினேன். ஐயோ, யாரது, நீயா, வேண்டாம்... ஒவ்வொன்றும் வாயில் பொருந்தியது. ஒன்றும் மனசில் பொருந்தவில்லை.

அந்த வாரத்தில்தான் சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கம்பெனியை மறுபடி நடத்த மாமா விண்ணப்பித்திருக்கிறார். உங்கள் வாரிசாக அம்மாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா படித்துவிட்டு அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

"நீ சொன்னா போடுறேன். வேண்டாம்னா கிழிச்சுப் போடுறேன்" என்றாள்.

என்னிடம் ஏன் விட்டாள்? நான் படித்தவள் என்றா? உங்கள் செல்லம் என்றா? நான் அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு அப்போதே வாசனை அடித்திருக்குமா?

பழைய பஸ் ஸ்டாண்டில் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். நீங்கள் இருந்தபோது பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைத்தவர். இப்போது தூரத்தில் வேறொரு கம்பெனிக்குப் போகிறார். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உங்கப்பா இருந்தவரைக்கும் ஒரு ரூமுல நாலு பேருக்கு மேல அஞ்சாவது ஆளு காத்து வாங்கக்கூட நிக்க முடியாது. எழுந்திரிச்சுப் போன்னு வெரட்டுவாக. இப்ப போற எடத்துல ஆறு பேரு முட்டிக்கு முட்டி இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். கையெழுத்து விசயம் என்னாச்சு?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கோம்க்கா."

"என்னத்த யோசிக்கீக? போடுங்க, இல்ல போடாதீக. நனைஞ்ச திரி கணக்கா, பத்தவும் மாட்டேங்க, அணையவும் மாட்டேங்க. நனைஞ்ச திரிதான் ஆபத்து, ஒனக்குத் தெரியாததா?"

பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிவிட்டார். அவர் சொன்னது வீட்டுக்கு வரும்வரை காலில் குத்திக்கொண்டே வந்தது. ஏனென்றால் கையெழுத்துக்கு நான் மனசுக்குள் ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். மாமா வந்து, அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் போடலாம். நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தேன், அப்பா. என் சனிக்கிழமையை மட்டும் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு.

போன வருஷம் சாவு விழுந்த துட்டி வீடு என்பதால் தீபாவளி இல்லை. இந்த வருஷம்தான் உங்களுக்கு முதல் படையல். அம்மா காலையிலேயே என்னைக் கடைக்கு விரட்டி எண்ணெய் பரோட்டா வாங்கிவரச் சொன்னாள். "படையலுக்கு யாராவது பரோட்டா வைப்பாங்களாம்மா?" என்று கேட்டேன். "சாம்பார் சோறு வச்சா அவுக வருவாகளா? எதிர்த்த வீட்டுக்குப் போயிருவாக" என்றாள். இலையில் பரோட்டா, சால்னா, சாத்தூர்ச் சேவு, ஓரத்தில் பேருக்கு ஒரு கரண்டி சோறு. பக்கத்தில் புது வேட்டி. நடுமதியம் விளக்கேற்றிவிட்டு நானும் அம்மாவும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

திரும்பினால் கேட்டுக்குப் பக்கத்தில் தங்கராசு மாமா நிற்கிறார்.

வெயிலில் செருப்பில்லாமல் நின்றார். கையில் ஒரு சேவுப் பொட்டலம். ஆள் பாதியாகியிருந்தார். அம்மா அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவு சாத்தியிருக்கிறது, நீங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், யாரும் உள்ளே போக முடியாது. வாசல்படியில் அம்மா ஒரு ஓரம், நான் ஒரு ஓரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மாமா கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

எங்கோ ஒரு சரவெடி கேட்டது. மூன்று பேருக்கும் தோள் ஒன்றுபோலத் துள்ளி அடங்கியது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஃபோனை எடுத்து அந்தக் காட்சியை ஓடவிட்டேன். சாயங்காலத்துக்குள் வசனம் போக வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். சத்தத்தை நிறுத்திவைத்திருந்தேன்.

"என்ன பாப்பா பாத்துக்கிட்டு இருக்க?" மாமா கேட்டார். ஒன்றே கால் வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"பொம்மைப் படம் மாமா. வசனம் எழுதணும்."

"என்ன கதை?"

எப்படிச் சொல்வது? சொன்னேன். "இவரும் இன்னொருத்தரும் கூட்டுத்தொழில். அவர் செத்துப்போயிட்டாரு. பண்டிகைக்கு முந்தின நாள் இவரைப் பாக்க வாராரு."

மாமா கையை நீட்டினார். ஃபோனைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கதவு திறக்கிறது. சங்கிலி வருகிறது. கிழவரின் வாய் அகலத் திறக்கிறது, சத்தமில்லாமல்.

மாமா அந்த வாய்க்குள் பேசினார்.

"வந்துட்டியாலே..."

அளவு தப்பவில்லை, அப்பா. ஒன்றரை விநாடி. வாய் பிளந்த இடத்தில் ஆ, மூடுகிற இடத்தில் லே. எட்டு விதமாக எழுதியும் எனக்குக் கிடைக்காதது. நான் மகளாக எழுதினேன். அதனால்தான் "வாங்க" வந்தது. கூட்டாளி கூட்டாளியை வாங்க என்றா கூப்பிடுவான்?

ஃபோனைப் படியில் கவிழ்த்து வைத்தார். சாத்திய கதவைப் பார்த்தார். எங்களிடம் சொன்னாரா கதவிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

"மூணு மணிக்கு மழை புடிச்சுக்கிடுச்சு. குழியில தண்ணி. அரைத் தட்டு மிச்சம் கெடக்கு, எரிக்க வழியில்ல. உன்னக் கூப்பிட்டேன். ஒரு தடவையில்லலே, மூணு தடவ. கெடைக்கல. மூடி வச்சுட்டு வந்துட்டேன். ஏழு மணிக்கு நீ கூப்பிட்ட. மருந்து முடிஞ்சுதாலேன்னு கேட்ட. நான் ஆச்சுன்னுட்டேன்."

"ஏண்ணே?" என்றாள் அம்மா.

"முடியலன்னு சொன்னா அந்த மழையில பஸ் புடிச்சு நேரா அங்கதான் போவான் தங்கச்சி. மகளோட படம் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே பேசுதான். அதக் கெடுப்பானேன்னு... ஞாயித்துக்கிழமையும் மழை விடல. திங்கக்கிழமை விடிய நானே போயி ஒரு வழி பண்ணிரலாம்னுதான் கெளம்பினேன். வண்டி பஞ்சர். பத்து நிமிசம். பத்தே நிமிசம் தங்கச்சி."

அதற்கப்புறம் அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. "மூணு தடவ கூப்பிட்டேன், கெடைக்கல" என்பதிலேயே நான் நின்றுவிட்டேன்.

அம்மா எழுந்தாள். கதவை மூன்று தடவை தட்டினாள். "போதும். அவுக சாப்பிட்டிருப்பாக. எந்திரிங்கண்ணே."

"நான் இங்கனயே..."

"இலையில மிச்சம் வைக்கக்கூடாது. உள்ள வாங்க."

உங்கள் இலையில் அவரை உட்கார வைத்தாள், அப்பா. பரோட்டாவைப் பிய்க்கக் கை வரவில்லை அவருக்கு. அம்மாவே சால்னாவை ஊற்றி ஊறவைத்தாள். நான் சுவரோரம் நின்றேன். என் நிபந்தனை நிறைவேறிவிட்டது. இனி கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டியதுதானே?

"மாமா" என்றேன். "நீங்க கூப்பிட்டப்போ அப்பா ஃபோனை அணைச்சு வச்சிருந்தது நான்தான்."

உங்களுக்குத் தெரிந்ததுதான். மதுரைக்கு வாங்கப்பா, நாலு மணிக் காட்சி, தாமதமானால் முன்பகுதி போய்விடும் என்று நச்சரித்தது நான். நீங்கள் ரெண்டு மணிக்கே கிளம்பினீர்கள். ஃபோனில், "தாயி, கிளம்பிட்டேன்" என்றீர்கள். மருந்து முடிஞ்சுது என்ற முன்பாதி இல்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை. திரையரங்கில் நீங்கள் சீட்டில் நெளிந்துகொண்டே இருந்தீர்கள். "பொம்மைப் படத்துக்கா தாயி இம்புட்டுக் கூட்டம்?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். ரெண்டு தடவை வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தீர்கள். நான்தான் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, "ரெண்டு மணி நேரம் உலகம் அழிஞ்சிராதுப்பா" என்று அணைத்து என் பையில் போட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் படத்தில் ஒரு கரடி வழுக்கி விழுந்தபோது முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை, நினைக்கவும் முடியவில்லை.

இதையெல்லாம் நின்றபடியே அம்மாவிடமும் மாமாவிடமும் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எம்புட்டு நாளா இத உள்ள வச்சுக்கிட்டு இருக்க?"

"அன்னையிலேருந்து."

"வச்சிருக்கலாமாடி?" என்றாள். "மருந்துக்காரன் மகதானே நீ?"

என்னை மாமாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அதே இலையில் மறுபக்கத்திலிருந்து நானும் சாப்பிட்டேன். மாமா என் பக்கம் சேவைத் தள்ளிவிட்டார். அவர் என்னை மன்னித்தாரா? நான் அவரை? யார் யாரிடம் கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை. நீங்கள் ஒருத்தர்தான் அதைச் சொல்ல முடியும். நீங்கள் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தீர்கள்.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் மாமாவை வரச்சொல்லி அம்மா கையெழுத்துப் போட்டாள். என்னிடம் கேட்கவில்லை. போடுவதற்கு முன் பேனாவை நிறுத்திக்கொண்டு சொன்னாள்: "தினமும் நாலரைக்கு இந்த வீட்டுக்கு ஃபோன் வரணும். அவுக என்ன சொல்வாகளோ அதத்தான் சொல்லணும். ஆச்சு, கீச்சுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். பொய் சொன்னா குரல்லயே கண்டுபுடிச்சிருவேன்."

"கண்டுபுடிச்சா என்ன தங்கச்சி பண்ணுவ?"

"ஒங்களுக்கும் சேத்துப் படையல் வச்சிருவேன்."

மாமா சிரித்துவிட்டார். அம்மாவும். நான் அவர்கள் இருவரையும் பார்த்துத் திகைத்துப்போய் நின்றேன்.

பாக்கியம் அக்கா திரும்பி வந்துவிட்டார். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான், உங்கள் கணக்கு. போன வாரம் பூஜை போட்டார்கள். இன்றைக்குக் காலையில்தான் முதல் மருந்து. வானம் மூடிக்கொண்டிருக்கிறது. விடிந்ததிலிருந்து நான் ஏழெட்டுத் தடவை மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்த்துவிட்டு வந்தேன். இங்கிருந்து தாயில்பட்டி தெரியாது என்று எனக்குத் தெரியும்.

நாலரை ஆகிவிட்டது.

நாலு முப்பத்துமூன்று.

அடித்தது, பாய்ந்து எடுத்தேன். டப்பிங் மேடம். "'வந்துட்டியாலே'யில அந்த லே வேணாம்மா. பனிக்கட்டி ஊர்ல ஒருத்தன் லே போட்டுப் பேசினா சிரிப்பாங்க. ஆனா குரல் குடுக்கிறவர் அது இருந்தாத்தான் பேசுவேன்னு அடம் பிடிக்கிறார். நீ என்ன சொல்ற?" வேறு நாளாக இருந்தால் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பேன். "லே இருக்கணும் மேடம், வேற ஃபோன் வரணும், வைக்கிறேன்" என்று துண்டித்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும்.

நாலு முப்பத்தெட்டு. அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா ஈரக்கையோடு நிலைப்படியில் வந்து நிற்கிறாள். "நீ கூப்பிடு" என்கிறாள். கூப்பிட்டு, அவர் எடுக்காவிட்டால்? அன்றைக்கு மாமாவும் இப்படித்தான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மழைக்குள் நின்றிருப்பார், இல்லையா?

அந்தத் திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் நீங்கள் என்ன பார்த்தீர்கள், அப்பா? மூடிவைத்த தட்டைப் பார்த்ததும் தங்கராசு பொய் சொன்னது புரிந்ததா? கோபம் வந்ததா? அல்லது அவனே வந்து தொட்டுத்தொலைப்பதற்குள் நாமே எடுத்துவிடலாம் என்று உள்ளே போனீர்களா? உங்களைத் தெரிந்தவளாக, நான் இரண்டாவதைத்தான் நினைக்கிறேன். அதை நினைக்கும்போதுதான் என்னால் எங்கும் உட்கார முடிவதில்லை.

அடிக்கிறது.

இதை ஃபோனை வைத்த பிறகு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள். மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

"குழியில ஈரம் தங்கச்சி. காஞ்ச மண்ணு கொண்டாந்து கொட்டி, அதுக்கு மேல வச்சு எரிச்சேன். முழுசா எரிஞ்சு முடியுறவரைக்கும் தள்ளி நின்னு பாத்துட்டுத்தான் கூப்பிடுதேன். அதான் சொணங்கிப் போச்சு."

அம்மா ஃபோனை வைக்கவில்லை. காத்திருந்தாள்.

மாமாவுக்குப் புரிந்தது.

"மருந்து முடிஞ்சுது. கிளம்பிட்டேன்."

அம்மா அடுக்களைக்குப் போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். மாமா அவர் வீட்டுக்குத்தான் போகிறார், இங்கே வரப்போவதில்லை. இருந்தும் வைத்தாள்.

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நாளைக்கும் நாலரை வரும். நாளை மறுநாளும் வரும். இது அடங்கும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இனி எந்த இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும், திரையில் யார் எந்தக் கதவைத் திறந்துகொண்டிருந்தாலும், ஃபோனை அணைக்க மாட்டேன். மடியில் வைத்திருப்பேன். யார் கூப்பிட்டாலும் எழுந்து வெளியே வந்து எடுப்பேன். "ஆச்சு" என்று சொன்னால், என்ன ஆச்சு என்று கேட்பேன்.

அடுத்த படையலுக்குள் படம் வந்துவிட்டிருக்கும். இலைக்குப் பக்கத்தில் ஓடவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். பரோட்டா கட்டாயம் உண்டு. அந்த இடம் வரும்போது உங்கள் கூட்டாளி கூப்பிடுவது கேட்கும். லே இருக்குமா தெரியாது, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே படியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். அவசரமில்லை. சிரித்து முடித்துவிட்டே கிளம்புங்கள்.

வாங்கப்பா.

நீங்கள் மட்டுமே அப்படிக் கூப்பிட்ட
உங்கள் தாயி